ஒரு வருடம் நிறுத்தி வைக்கும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். என் மகன் பிறந்தது 2020 மே 18. இங்கே ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் யுகேஜி படிக்கிறான். வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். ‘எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்கிறான், ஓர் இடத்தில் உட்கார்வதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல நேரம் திரும்புவதில்லை, இன்னொரு வருடம் யுகேஜியிலேயே இருக்கட்டும்’ என்கிறார் வகுப்பு டீச்சர். வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசுவான். போன மழைக்காலத்தில் பிடித்த சளி இன்னும் விட்டபாடில்லை, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான். காலையில் கிளம்பும்போது தினமும் அழுகை. சேலத்தில் என் நாத்தனார் மகன் ஐந்தே கால் வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான், நம் பிள்ளை ஏழு வயதிலா என்று கணவரும் மாமியாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் பொறுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூப்பிட்டால் திரும்புவதில்லை, சளி விட்டபாடில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருந்தால் முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். யுகேஜியா ஒன்றாம் வகுப்பா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம். காரணம் தெரியாமல் நிறுத்தி வைத்தால், அடுத்த ஜனவரியிலும் டீச்சர் இப்போது சொன்ன அதே குறைகளைத்தான் சொல்வார். பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும், அவ்வளவுதான்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சாய்வாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். அடிக்கடி சளி பிடித்தாலோ, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தாலோ இந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போது செவிப்பறைக்குப் பின்னால் பசை போல நீர் தேங்கிவிடும். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சலும் அடிக்காது. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகிறது. கேட்கும் திறன் 20 முதல் 40 டெசிபல் வரை குறையலாம். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், இன்னொரு நாள் கேட்காது. ‘வேண்டும் என்றே திரும்ப மாட்டேன் என்கிறான்’ என்ற கெட்ட பெயர் இதனால்தான் வருகிறது.

‘வீட்டில் நன்றாகப் பேசுகிறானே, காது எப்படிக் கேட்காமல் இருக்கும்?’ என்று கேட்பீர்கள். தமிழ் அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மொழி. பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துவிடுவான். நீங்களும் பக்கத்தில் நின்று, முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. வீடு, பட்டு, காசு என்று கடைசியில் ஓர் உயிரோசை வந்து காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் கேட், கேப், கேஸ் எல்லாமே மெல்லிய மெய்யில் முடிகின்றன. லேசாகக் காது அடைத்த பிள்ளைக்கு மூன்றும் ஒரே ‘கே’ தான். முப்பது நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் மின்விசிறி, கரும்பலகை பக்கம் திரும்பி நின்று பேசும் டீச்சர் என்றால் அதுவும் விழாது. என்ன எழுதச் சொன்னார்கள் என்றே தெரியாத பிள்ளை எழுதாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்க எழுந்திருக்கும். அது ‘உட்கார்வதில்லை’ என்று டைரியில் ஏறும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கால், பால், வால் மூன்றையும் தனித்தனி அட்டையில் படமாக வரைந்து தரையில் வையுங்கள். வாலுக்கு ஒரு குரங்கு வரைந்தால் போதும். டிவி, மிக்ஸி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவனுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ரகசியம் பேசும் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தொடச் சொல்லுங்கள். வரிசை மாற்றி 10 முறை. அவன் திரும்பிப் பார்த்தாலும் உதடு தெரியாதபடி வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முறை தடுமாறினால் சந்தேகம் உறுதி. பத்தும் சரியாகத் தொட்டாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போட வேண்டாம், ஏனென்றால் அன்றைக்குக் காது திறந்திருந்திருக்கலாம்.

மருத்துவரிடம் போனால் மூன்று நடக்க வேண்டும். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பது, டிம்பனோமெட்ரி, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கும் ப்யூர் டோன் ஆடியோமெட்ரி. டிம்பனோமெட்ரி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலிக்காது. வரைபடத்தில் கூம்பு போல ஏறி இறங்கினால் ‘ஏ’ வகை, அதாவது சரியாக இருக்கிறது. தட்டையான கோடு ‘பி’ வகை, பெரும்பாலும் நீர் தேங்கியிருக்கிறது. கூம்பு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் ‘சி’ வகை, குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. ‘காதைப் பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்று விளக்கு வைத்துப் பார்த்ததோடு அனுப்பினால், மற்ற இரண்டையும் எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். உங்கள் பக்கத்துக்கு லிங்கராஜபுரத்தில் உள்ள டாக்டர் எஸ்.ஆர்.சந்திரசேகர் பேச்சு, கேட்டல் நிறுவனம் தூரமில்லை.

‘பி’ வகை என்று வந்தாலும் உடனே அறுவை சிகிச்சை இல்லை. பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் நீர் தானாக வற்றிவிடும். அதனால் மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்பது, அடினாய்டை எடுப்பது பற்றி மருத்துவர் பேசுவார். இடையில் வீட்டில் யாரும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். நீர் இருப்பது செவிப்பறைக்கு உள்பக்கம், வெளியிலிருந்து ஊற்றும் எதுவும் அங்கே போகாது.

மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்: குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு திணறி விழிக்கிறானா. அடினாய்டால் இரவுத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்து படுக்காது, துறுதுறுவென்று ஓடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு (ஏடிஎச்டி) என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதுவும் கவனத்தைக் குலைக்கும். கண்ணையும் இந்த மாதமே சொட்டு மருந்து விட்டுச் சோதித்துவிடுங்கள். ஒரு கண் மங்கலாக இருந்தால் பிள்ளைக்குத் தெரியாது, மற்றக் கண்ணால் சமாளிக்கும். அந்தச் சோம்பல் கண்ணை ஏழு எட்டு வயதுக்குள் பிடித்தால்தான் முழுதாக மீட்க முடியும். மிண்டோ அரசு கண் மருத்துவமனையில் காட்டலாம்.

இனி வயதுக்கு வருகிறேன். உங்கள் கணவர் சேலத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. தமிழ்நாட்டில் ஜூலை 31-ல் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1-ல் ஆறு. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு என்றுதான் சொல்கிறது. ஆக, இங்கே பிள்ளை யாரும் ‘பின்தங்கவில்லை’, இரண்டு மாநிலத்தின் கோடு வேறு. உங்கள் மகனுக்கு 2026 ஜூன் 1-ல் ஆறு வயது நிறைந்து 14 நாள் ஆகியிருக்கும். ஒன்றாம் வகுப்பு அவனுக்கு உரிமை. கேந்திரிய வித்யாலயாவை மனதில் வைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். அங்கே மார்ச் 31-ல் ஆறு நிறைய வேண்டும், இந்த வருடம் கிடைக்காது.

‘வகுப்பிலேயே சின்னவனாக இருப்பானே’ என்பது உங்கள் கவலையாக இருக்கலாம். நியாயமான கவலைதான். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், வகுப்பின் கடைக்குட்டிகளுக்குத்தான் கவனக்குறைவு என்ற முத்திரை அதிகம் விழுகிறது. 72 மாதம் வாழ்ந்த பிள்ளையை 83 மாதப் பிள்ளையோடு ஒரே அளவுகோலில் அளப்பதால் வரும் வினை அது. படிப்பில் தெரியும் வித்தியாசம் ஒன்றாம் வகுப்பில் அதிகம், மேலே போகப் போகக் குறையும். ஆனால் உங்கள் மகனின் ஆண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. 2025-26-க்கு மட்டும் கர்நாடக அரசு விதியைத் தளர்த்தி, யுகேஜி முடித்த பிள்ளைகளை ஐந்து வயது ஐந்து மாதத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. அதாவது 2019 முடிய பிறந்தவர்களில் பலர் சென்ற ஆண்டே மேலே போயிருப்பார்கள். இந்த ஜூனில் இவனோடு சேர்கிறவர்களில் 2020 ஜனவரி முதல் மே வரை பிறந்தவர்கள் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் இவன் ஒன்றும் பெரிய இடைவெளியில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்தால் 2020 ஜூனிலிருந்து 2021 மே வரை பிறந்தவர்களோடு, எல்லோருக்கும் மூத்தவனாக உட்காருவான். பள்ளி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இப்போதைய யுகேஜியில் எத்தனை பேர் 2020 ஜூனுக்குப் பிறகு பிறந்தவர்கள்?’ அவர்கள் வயது போதாமல் எப்படியும் தங்கப் போகிறவர்கள். இவன் தங்கினால் யாரோடு இருப்பான், போனால் யாரோடு இருப்பான் என்பது அந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடும்.

எழுத மறுப்பதைப் பற்றி. ஒரு வெள்ளைத்தாளில் முக்கோணம் வரைந்து, கீழே அதைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மூன்று மூலையும் ஓரளவு கூர்மையாக வந்தால் அவன் கை எழுத்துக்குத் தயார். சதுரம் மட்டும் வந்து முக்கோணம் சொதப்பினால் இன்னும் கொஞ்சம் மாதம் வேண்டும் என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை. சாய்சதுரம் ஆறு ஏழு வயதில்தான் வரும், அதைக் கேட்காதீர்கள். பி-யையும் டி-யையும் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை சாதாரணம். விரல் பலப்பட நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதைப் போல் கெட்ட வழி வேறில்லை. வாசலில் கோலம் போடும்போது அவனையும் கூட உட்கார வையுங்கள். கோலப்பொடியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் கிள்ளி, இழை அறாமல் விடுவதுதான் பென்சில் பிடிக்கும் பிடி. முதல் வாரம் 3 புள்ளி 3 வரிசை, புள்ளியை மட்டும் வைக்கட்டும், பிறகு சேர்க்கட்டும். வேர்க்கடலை உரிப்பது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது எல்லாம் இதே கணக்கு. க்ரேயானைப் பாதியாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் உள்ளங்கையால் பிடிக்க முடியாது, மூன்று விரலுக்குத் தானாக வரும். தினம் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் இந்த வயதில் பெரியவர் சொன்ன வேலையில் உட்கார்வதே அதிகம். ‘நிலையாக உட்கார்வதில்லை’ என்பதை எடைபோடும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

காலை அழுகையைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஒன்று மட்டும் கணக்குப் போடுங்கள். இந்த வயதில் இரவுத் தூக்கம் பத்து மணி நேரமாவது வேண்டும். பஸ் 7.15-க்கு என்றால் 6.15-க்கு எழுப்பியாக வேண்டும், அப்படியானால் இரவு 8.15-க்குத் தூங்கியிருக்க வேண்டும். அப்பா டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலைத் தாண்டி ஒன்பதரைக்கு வந்து, அதற்கப்புறம் மகனோடு விளையாடித் தூங்க வைக்கும் வீடுகள் உங்கள் பக்கத்தில் ஏராளம். உங்கள் வீடும் அப்படியென்றால் அப்பாவின் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், பஸ் நிறுத்தம் வரை அவரே கூட்டிப் போகட்டும். பாதி அழுகை தூக்கத்தில் தீர்ந்துவிடும்.

அப்படியானால் என் கருத்து என்ன? காதிலோ கண்ணிலோ குறை தெரிந்தால், சிகிச்சையோடு ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புங்கள். கேட்காத பிள்ளையை இன்னொரு வருடம் அதே அறையில் உட்கார வைத்தால் இன்னொரு வருடம் கேட்காமல் உட்கார்ந்திருப்பான். எல்லாச் சோதனையும் சரியாக இருந்து, தமிழில் சொல்வதை நன்றாகப் புரிந்துகொண்டு, கை மட்டும் மெதுவாக இருந்தாலும் அனுப்புங்கள். கழிப்பறைக்குத் தானே போய்க் கழுவிக்கொள்வது, டிபன் பாக்ஸைத் திறந்து 15 நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பது, ‘மிஸ், தண்ணி’ என்று வாய் திறந்து கேட்பது மூன்றும் இருந்தால் போதும். ‘பெயில் ஆகிவிட்டால்?’ என்ற பயம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 16-வது பிரிவுப்படி ஒன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தி வைக்க இடம் கொடுத்து 2019-ல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு மட்டும்தான்.

நிறுத்தி வைப்பது நல்லது என்று நான் சொல்லும் நிலைகளும் உண்டு. ‘சமையலறைக்குப் போய், மேசை மேலிருக்கும் டம்ளரை எடுத்து, பாட்டியிடம் கொடு’ என்று தமிழிலேயே மூன்று படியாகச் சொன்னால், காது நன்றாகக் கேட்டும் பின்பற்ற முடியவில்லை என்றால் ஒரு வளர்ச்சி மதிப்பீடு அவசியம். நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, பக்கத்திலேயே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் இருக்கிறது. அங்கே பயிற்சி தேவை என்றால், பயிற்சியோடு சேர்ந்த ஒரு வருடம் நிச்சயம் பயன்படும். இன்னொன்று, குறைமாதத்தில் பிறந்தவனா? உண்மையான பிரசவத் தேதி ஜூலை கடைசி என்று சொல்லியிருந்து மே 18-ல் பிறந்திருந்தால், உடல் கணக்கில் அவனுக்கு ஜூன் 1-ல் இன்னும் ஆறு வயது ஆகவில்லை. அது பொறுப்பதற்கு உறுதியான காரணம். கற்றுவைத்த பேச்சை இழந்துகொண்டு வருகிறான் என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.

நிறுத்தி வைப்பதென்று முடிவானால் அதே டீச்சர், அதே புத்தகம், அதே ஒர்க்‌ஷீட் வேண்டாம். திரும்பப் படிக்கும் பிள்ளைகளிடம் முதல் ஆண்டு தெரியும் முன்னேற்றம் இரண்டு மூன்று ஆண்டில் கரைந்துபோவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எழுத்து குறைவாக, விளையாட்டும் பேச்சும் அதிகமாக உள்ள வேறொரு பள்ளியாகப் பாருங்கள். நண்பர்கள் மாடிக்குப் போக இவன் கீழேயே நிற்கும் காட்சியும் அதில் தவிர்ந்துவிடும். உங்கள் கணவருக்குச் சொல்ல ஒரு கணக்கு: ஜூனில் சேர்ந்தால் 2038 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது 17 வயது 10 மாதம், தள்ளினால் 18 வயது 10 மாதம். நீட் தேர்வுக்குக் குறைந்தது 17 என்ற விதிக்கு இரண்டும் பொருந்தும். ராணுவத்துக்கான என்டிஏ-வில் பயிற்சி தொடங்கும்போது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை என்பது இன்றைய விதி. இப்போதே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால், பள்ளி முடித்தபின் மூன்று பேட்ச்களில் சேர முயல வயது இருக்கும், தள்ளினால் ஒன்றில்தான்.

பள்ளியிடம் போகும்போது வாதாடப் போகாதீர்கள். டீச்சர் சொன்னது பயனுள்ள தகவல், அவர் கவனித்ததால்தான் காதைப் பற்றியே பேசுகிறோம். அவரிடம் இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு வைக்கச் சொல்லுங்கள்: பின்னாலிருந்து கூப்பிட்டபோது எத்தனை முறை திரும்பினான், முன்னாலிருந்து கூப்பிட்டபோது எத்தனை முறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்றிலிருந்தே முதல் பெஞ்சில், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, டீச்சரின் முகம் தெரியும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்துக்கென்று என்சிஇஆர்டி ‘வித்யா பிரவேஷ்’ என்ற மூன்று மாத விளையாட்டுவழித் தயாரிப்பை 2021-லேயே கொடுத்திருக்கிறது. உங்கள் பள்ளி அதை நடத்துகிறதா, ஜூனில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதச் சொல்வார்கள், கன்னடம் எழுத்தில் தொடங்குமா பேச்சில் தொடங்குமா என்று கேளுங்கள். ஜூன் முதல் வாரமே மூன்று மொழியில் நோட்டு நிரப்பச் சொல்லும் பள்ளி என்றால், மாற்ற வேண்டியது பிள்ளையின் வகுப்பை அல்ல, பள்ளியை.

கன்னடத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து என்று பாதி அவனுக்குத் தெரிந்த சொற்கள்தான். பகரம் எங்கே ஹகரமாகிறது என்று அவனே விளையாட்டாகக் கண்டுபிடிப்பான். வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் பேசச் சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கதை கேட்டு, ‘அப்புறம் என்னாச்சு?’ என்று தமிழில் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மற்ற மொழியில் வாக்கியம் வரும்.

இந்த வாரம் முதலாவது டிம்பனோமெட்ரி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது. இப்போதே தொடங்கினால் ஏப்ரல் கடைசிக்குள் இரண்டு தாளும் கையில் இருக்கும். அதுவரை ஒன்றாம் வகுப்பு இடத்தை விடாதீர்கள். கட்டணம் கட்டச் சொன்னால், தங்க நேர்ந்தால் அது யுகேஜிக்கு ஈடாகுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் மாணவர் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்பு என்று ஏறிய பிறகு கீழே இறக்குவது பெரிய அலைச்சல். எந்த முடிவானாலும் பெயர் ஏறும் முன்பே பள்ளியிடம் சொல்லிவிடுங்கள்.